இந்த ரூபாய் எந்த நாட்டு ரூபாய்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கைபேசியை எடுத்து, வாங்க நினைக்கும் புத்தகத்தின் பெயரைத் தமிழிலேயே தட்டித் தேடுகிறார். சென்னைப் பதிப்பகம் ஒன்றின் தளம் மேலேயே வந்து நிற்கிறது. தொட்டால் திறப்பது ஆங்கிலப் பக்கம். விலை ‘ரூ. 450’ என்று போட்டிருக்கிறது. இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா? இரண்டுக்கும் நடுவே மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவர் மூடிவிட்டுப் போகிறார். பதிப்பகத்திலோ, “தமிழ்ப் பக்கம் இருக்கிறதே, இலங்கை வாசகருக்கென்று தனிப் பக்கம்கூடப் போட்டோமே, அது ஏன் வரவில்லை?” என்று விழிக்கிறார்கள்.

பதிப்பகம் கற்பனை, பிரச்சினை நிஜம். ஒன்றுக்கு மேற்பட்ட மொழியிலோ, ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுக்கோ தளம் நடத்துகிறவர்கள் எல்லோரும் எப்போதாவது இதில் வந்து முட்டிக்கொள்வார்கள். எழுத்தும் மொழிபெயர்ப்பும் நன்றாக இருந்தும், தேடுபொறிக்கும் தளத்துக்கும் நடுவே நடக்கும் பேச்சில் கோளாறு. அந்தப் பேச்சைச் சரிசெய்யும் வேலைக்குத்தான் தொழில்நுட்ப எஸ்இஓ என்று பெயர். நம் பதிப்பகத்தின் தளத்துக்கு நான்கு பதிப்புகள் என்று வைத்துக்கொள்வோம்: இந்தியாவுக்குத் தமிழ், இந்தியாவுக்கு ஆங்கிலம், இலங்கைக்குத் தமிழ், சிங்கப்பூருக்குத் தமிழ்.

முதலில் பார்க்க வேண்டியது, நான்கு பதிப்புக்கும் நான்கு முகவரி இருக்கிறதா என்பதை. சிரிக்காதீர்கள். பல தளங்களில் மூலையில் ‘தமிழ் | ஆங்கிலம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் எழுத்தெல்லாம் மாறும், மேலே முகவரி மட்டும் மாறாது. வாசகருக்கு இதில் குறையொன்றும் தெரியாது. ஆனால் தளங்களைப் படித்துக்கொண்டு போக கூகுள் அனுப்பும் கூகுள்பாட் என்ற நிரல் பொத்தானை அழுத்தாது. போன தடவை எந்த மொழியைத் தேர்ந்தீர்கள் என்ற குக்கியையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒரு முகவரிக்குப் போனால் முதலில் எது கிடைக்கிறதோ அதைப் படிக்கும். அதே முகவரிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு மொழி அதன் கணக்கில் வராது.

இதைவிட மோசமானது அதிக உபசாரம். வருகிறவர் எந்த நாட்டு ஐபி முகவரியிலிருந்து வருகிறார் என்று பார்த்து, கேட்காமலேயே அந்த நாட்டுப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவது. கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்து வருகிறது. ‘எனக்கு இன்ன மொழி வேண்டும்’ என்று உலாவிகள் வழக்கமாக அனுப்பும் குறிப்பையும் அது அனுப்புவதில்லை. ‘வெளிநாட்டுக்காரரா, இந்தாருங்கள் ஆங்கிலம்’ என்று தளம் அதைத் திருப்பிவிட்டால், அது தமிழ்ப் பக்கத்தின் வாசல்வரை வந்தும் உள்ளே நுழையாமல் போகும். எத்தனை முறை வந்தாலும் இதே கதைதான். டொராண்டோவில் இருந்துகொண்டு தமிழில் படிக்க விரும்புகிறவருக்கும் இதே கதிதான் என்பதால், தேடுபொறியை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இது நல்ல பழக்கம் இல்லை. ஊகித்தது சரியாகவே இருந்தாலும் தள்ளிவிட வேண்டாம். பக்கத்தின் மேலே மெல்லிய பட்டையாக ‘இலங்கையிலிருந்து வாங்குகிறீர்களா? இங்கே பாருங்கள்’ என்று ஒரு இணைப்புக் கொடுத்தால் போதும்.

முகவரி எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்? மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. அமேசான் போல டாட் இன், டாட் டிஇ என்று நாட்டுக்கொரு டொமைன் வாங்கலாம். விக்கிப்பீடியா போல மொழிக்கொரு சப்டொமைன் வைக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி தமிழுக்கான ‘டிஏ’ என்ற குறியீட்டில் தொடங்குவது இதனால்தான். பிபிசி தமிழ் இருப்பதுபோல ஒரே டொமைனுக்குள் தனி ஃபோல்டராகவும் வைக்கலாம். நாட்டு டொமைன் எந்த நாட்டுக்கு என்பதைச் சந்தேகமின்றிச் சொல்லும். ஆனால் ஒவ்வொன்றும் புதுக் கடை. பெயரை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். ஃபோல்டரில் வைத்தால், இந்தியப் பக்கத்துக்குக் கிடைத்த நல்ல பெயர் இலங்கைப் பக்கத்துக்கும் கைகொடுக்கும், பராமரிப்பும் ஒரே இடத்தில் முடியும். நாட்டுக்கு நாடு அலுவலகமும் ஆளும் வைத்திருக்கிற நிறுவனமாக இல்லாவிட்டால் ஃபோல்டரே போதும் என்பது என் கருத்து. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு மொழியை ஒட்டவைப்பதை மட்டும் செய்ய வேண்டாம். கூகுளே அதைப் பரிந்துரைப்பதில்லை.

முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று நம்மவர்கள் தவறாமல் கேட்பார்கள். வைக்கலாம், தேடுபொறிக்குத் தடையில்லை. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே நாட்டு டொமைன்கள்கூட இருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, அதன்பின் இரண்டு எழுத்து என்று மூன்று இடத்தை அடைக்கும். ஆக, ‘தமிழ்’ என்று மூன்று எழுத்தில் நாம் எழுதும் சொல் நகலெடுத்து ஒட்டும்போது 45 இடம் நீளும். ஒரு புத்தகத் தலைப்பு முழுவதையும் இப்படி வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்துபோவார்கள்.

இன்னொரு குழி கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சர்வருக்கோ இரண்டும் வெவ்வேறு முகவரி. ஒன்றில் பக்கம் திறக்கும், மற்றதில் ‘காணவில்லை’ என்று வரும். யூனிகோடு சீராக்கம் என்ற படியை நிரலாளர் வைத்துவிட்டால் இது தீரும். ஆனால் ‘ஸ்ரீ’ தீராது. அதை ஸகரத்திலிருந்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்ற எழுத்திலிருந்தும் எழுதலாம். இவை இரண்டும் ஒன்றே என்று சீராக்கம் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்ரீரங்கமும் ஸ்ரீலங்காவும் தலைப்பில் வரும் புத்தகங்களை விற்கிறவருக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. அதனால் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் வைத்துவிட்டு, முகவரியை மட்டும் சின்னதாக ரோமன் எழுத்தில் வைக்கவே நான் சொல்வேன். தமிழுக்குத் துரோகம் என்று யாராவது கோபித்தால், தமிழ் முகவரியையும் பதிந்து அதிலிருந்து இதற்குத் திருப்பிவிடுங்கள்.

எழுத்துக் குறிகளின் கதை வந்துவிட்டதால் பாமினி என்ற பழைய எழுத்துருவையும் சொல்லிவிட வேண்டும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. தேடுபொறிக்கு எழுத்துரு கிடையாது. உள்ளே இருப்பதுதான் தெரியும். இணையப் பக்கங்கள் பெரும்பாலும் யூனிகோடுக்கு மாறிவிட்டாலும், பதிப்பகங்களின் பிடிஎஃப் நூற்பட்டியல்கள் பலவற்றுக்குள் பழைய எழுத்துருக்கள் இன்னும் குடியிருக்கின்றன. அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். ரோமன் எழுத்துக் குப்பையாக விழுந்தால், தேடுபொறிக்கு அந்தப் பட்டியலில் ஒரு புத்தகமும் இல்லை.

ஒரு பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று கூகுள் எப்படித் தீர்மானிக்கிறது? பக்கத்தின் நிரலில் ‘இது தமிழ்’ என்று எழுதிவைக்கும் ‘லாங்’ குறிப்பைப் பார்த்து என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதை கூகுள் கணக்கில் எடுப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் எழுத்தைப் படித்தே முடிவுக்கு வருகிறது. (குறிப்பை எடுத்துவிடாதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்பதை அதை வைத்தே முடிவெடுக்கும்.) ஆகவே மெனுவை மட்டும் தமிழாக்கிவிட்டு, புத்தக விவரத்தை ஆங்கிலத்தில் விட்டுவைத்த பக்கம் தமிழ்ப் பக்கம் ஆகிவிடாது.

இனி இந்த வேலையின் நடுநாயகத்துக்கு வருவோம். ஹெச்ரெஃப்லாங் என்று பெயர். கூகுள் 2011-இல் கொண்டுவந்தது. ‘இந்தப் பக்கத்துக்கு இன்ன இன்ன மொழியில், இன்ன இன்ன நாட்டுக்கு உடன்பிறப்புகள் இருக்கின்றன, அவற்றின் முகவரி இவை’ என்று ஒவ்வொரு பக்கமும் தேடுபொறியிடம் சொல்லும் குறிப்பு அது. இதனால் பக்கம் மேலே ஏறிவிடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே முடிவுகளில் வரத் தகுதி பெற்ற பக்கத்தின் இடத்தில், தேடுகிறவருக்குப் பொருத்தமான உடன்பிறப்பை மாற்றி நிறுத்துவது மட்டுமே இதன் வேலை. யாழ்ப்பாண வாசகருக்கு ஆங்கிலப் பக்கத்துக்குப் பதிலாக இலங்கைத் தமிழ்ப் பக்கம் வர வேண்டும் என்றால் வழி இதுதான்.

குறிப்பில் மொழி முதலில், நாடு இரண்டாவதாக. ‘டிஏ’ என்று மட்டும் எழுதினால் உலகத்துத் தமிழர் எல்லோருக்கும். ‘டிஏ-எல்கே’ என்றால் இலங்கைத் தமிழருக்கு, ‘டிஏ-எஸ்ஜி’ என்றால் சிங்கப்பூர்த் தமிழருக்கு. மொழி இல்லாமல் நாட்டை மட்டும் எழுதக் கூடாது. எழுதினால் வேடிக்கையாகப் போகும். சிங்கப்பூர் என்று நினைத்து வெறும் ‘எஸ்ஜி’ போட்டால், மொழிப் பட்டியலில் அது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பேசப்படும் சாங்கோ. மலேசியா என்று ‘எம்ஒய்’ போட்டால் அது பர்மிய மொழி. ‘எல்கே’ என்ற பெயரில் மொழியே கிடையாது. தலைகீழாகவும் தவறு நடக்கும்: சிங்கள மொழியின் குறி ‘எஸ்ஐ’, அதையே நாட்டின் இடத்தில் போட்டால் ஸ்லோவேனியா. அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு பிரிட்டனுக்கு ‘யுகே’ என்று எழுதுவது. நாட்டுப் பட்டியலில் அதன் குறி ‘ஜிபி’. எந்தப் பட்டியலிலும் சேராதவருக்கு ‘எக்ஸ்-டிஃபால்ட்’ என்று ஒரு பக்கத்தைக் காட்டலாம், 2013-இல் சேர்த்தார்கள். நம் பதிப்பகம் ‘எந்த நாட்டிலிருந்து வாங்குகிறீர்கள்?’ என்று கேட்கும் பக்கத்தை அங்கே வைக்கலாம்.

பெரும்பாலானோர் சறுக்குவது அடுத்த விதியில். இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டால்தான் உறவு செல்லும். ‘இலங்கைப் பக்கம் என் உடன்பிறப்பு’ என்று இந்தியப் பக்கம் சொன்னால், இலங்கைப் பக்கமும் திரும்ப அதையே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் கூகுள் அந்த உறவை ஏற்காது. கறாராகத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது: இல்லையென்றால் யாரோ ஒரு தளத்துக்காரர் உங்கள் பக்கத்தைத் தன் பக்கத்தின் உறவென்று எழுதிக்கொள்ளலாமே. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக நான்கு பதிப்பு என்றால் ஒவ்வொன்றிலும் நான்கு வரி, மொத்தம் 16. இருபது பதிப்பு என்றால் ஒரே ஒரு புத்தகத்துக்கு 400 வரி. அதில் ஒரு பக்கத்தின் முகவரியை மாற்றினால் இருபது இடத்தில் திருத்த வேண்டும். கையால் செய்கிற காரியமா இது?

விக்கிப்பீடியா இதே சிக்கலை வேறு பெயரில் பல ஆண்டு அனுபவித்தது. ஒரு கட்டுரையின் ஓரத்தில் மற்ற மொழிகளின் பெயர்கள் வரிசையாக வருமே, அந்த இணைப்புகள் முன்பு ஒவ்வொரு மொழிக் கட்டுரைக்குள்ளும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. தமிழில் ஒரு கட்டுரை புதிதாக வந்தால், அதே பொருளில் இருக்கும் எல்லா மொழிக் கட்டுரைகளிலும் ஒரு வரி சேர வேண்டும். இதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடித் திருத்திக்கொண்டிருந்தன. 2012 அக்டோபரில் விக்கித்தரவு தொடங்கியது. 2013 ஜனவரியில் ஹங்கேரிய விக்கிப்பீடியாவில் ஆரம்பித்து, சில மாதங்களிலேயே எல்லா மொழிகளின் இணைப்புகளும் அங்கே போய்விட்டன. ஒரு பொருளுக்கு ஒரு பதிவு. அதில் எந்த மொழியில் எந்தக் கட்டுரை என்ற பட்டியல். ஓரத்து இணைப்புகள் எல்லாம் அந்த ஒரே பட்டியலிலிருந்து தானாக உருவாகின்றன.

நம் பதிப்பகம் செய்ய வேண்டியதும் அதேதான். புத்தகத்துக்கு ஒரு வரிசை, பதிப்புக்கு ஒரு கட்டம் என்று ஒரே அட்டவணை. ஹெச்ரெஃப்லாங் வரிகள் அனைத்தும் அதிலிருந்து தானாகப் பிறக்க வேண்டும். யாரும் தனியாகத் தொடக் கூடாது. அவற்றைப் பக்கத்தின் தலைப்பகுதியில் வைக்கலாம், தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பில் வைக்கலாம், பிடிஎஃப் போன்றவற்றுக்கு சர்வர் அனுப்பும் தலைக்குறிப்பில் வைக்கலாம். மூன்றில் ஒன்று போதும். இரண்டு இடத்தில் வைத்து, ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை மறந்துவிடுவது மனித இயல்பு. நான் சைட்மேப்பையே விரும்புகிறேன். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை வைக்கலாம், பக்கமும் கனக்காது. தலைப்பகுதியில் வைத்தால் ஒரு சூட்சுமம் உண்டு: விளம்பரத்துக்கோ கணக்கெடுப்புக்கோ யாராவது ஒரு படத்தையோ ஐஃப்ரேமையோ அதற்கு மேலே செருகிவிட்டால், தலைப்பகுதி அத்தோடு முடிந்ததாகக் கருதப்படும். கீழே இருக்கும் வரிகள் எல்லாம் உடல்பகுதிக்குள் விழுந்து செல்லாக்காசாகிவிடும். நிரலைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும் என்பதுதான் கொடுமை.

ஹெச்ரெஃப்லாங்குக்கு மூத்தது கனோனிக்கல் என்ற குறிப்பு, 2009-இல் வந்தது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால் ‘மூலப் பக்கம் இது’ என்று காட்டுவது அதன் வேலை. ஒரு தளத்துக்கு யோசனை சொல்லப் போயிருந்தேன். மாதக்கணக்கில் ஒரு தமிழ்ப் பக்கம்கூடத் தேடலில் வரவில்லை என்றார்கள். ஹெச்ரெஃப்லாங் எல்லாம் பிசகில்லாமல் இருந்தது. கனோனிக்கலைப் பார்த்தால், எல்லாத் தமிழ்ப் பக்கங்களும் ‘என்னைப் பார்க்காதே, மூலம் ஆங்கிலப் பக்கம்’ என்று கை காட்டிக்கொண்டிருந்தன. நகல் உள்ளடக்கம் என்று கூகுள் தண்டித்துவிடுமோ என்ற பயத்தில் யாரோ செய்த வேலை. மொழிபெயர்ப்பை நகலாக யாரும் கருதுவதில்லை. ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே மூலமாகக் காட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வரியை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். கட்டணம் கேட்கவே கூச்சமாக இருந்தது.

நகல் என்ற சந்தேகம் நியாயமாக எழுவது ஒரே மொழியில் பல நாட்டுப் பக்கங்கள் இருக்கும்போது. இந்தியத் தமிழ்ப் பக்கமும் இலங்கைத் தமிழ்ப் பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், கூகுள் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்திய விலை தெரிவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. வித்தியாசம் நிஜமாக இருக்க வேண்டும்: விலை, அனுப்பும் செலவு, எத்தனை நாளில் கிடைக்கும், பணம் கட்டும் முறை. சொற்களும் மாறும். தமிழ்நாட்டு மருத்துவமனை இலங்கையில் வைத்தியசாலை, இங்கே மனை வாங்குகிறவர் அங்கே காணி வாங்குகிறார். மருத்துவ நூலோ சட்ட நூலோ தேடுகிறவர் அவரவர் சொல்லைத்தான் தட்டுவார். இவை எதையும் மாற்ற நேரமோ ஆளோ இல்லையென்றால் நாட்டுக்கொரு பக்கம் வேண்டியதே இல்லை. ஒரே தமிழ்ப் பக்கம், ‘டிஏ’ என்ற ஒரே குறி. நான்கு அரைகுறைப் பக்கத்துக்கு அது மேல். மொழிபெயர்ப்பு நிரலில் போட்டு முப்பது மொழியில் பக்கங்களைக் கொட்டலாம் என்ற ஆசையும் வேண்டாம். படிக்கிறவருக்குப் பயனில்லாமல் பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச் முதல் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது.

எல்லாம் செய்தாயிற்று, சரியாக நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கூகுள் டாட் எல்கே என்று தட்டித் தேடிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் பயனில்லை. 2017 முதலே முடிவுகள் முகவரியைப் பார்த்து வருவதில்லை, தேடுகிறவர் இருக்கும் இடத்தைப் பார்த்தே வருகின்றன. 2025 ஏப்ரலில் அந்த நாட்டு முகவரிகளையெல்லாம் கூகுள் டாட் காமுக்கே திருப்பிவிடுவதாக அறிவித்தார்கள். தளம் நடத்துகிறவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ஹெச்ரெஃப்லாங் தவறுகளைக் காட்டிய பழைய அறிக்கையையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது இரண்டு வழி. செயல்திறன் அறிக்கையில் நாடு இலங்கை என்று வடிகட்டி, எந்தப் பக்கங்கள் காட்டப்பட்டன என்று பாருங்கள். இந்திய ஃபோல்டரே வரிசையாக வந்தால் கோளாறு இன்னும் இருக்கிறது. பிறகு ஒரு இலங்கைப் பக்கத்தின் முகவரியைச் சோதனைப் பெட்டியில் இட்டு, ‘கூகுள் தேர்ந்த கனோனிக்கல்’ எது என்று பாருங்கள். உங்கள் முகவரிக்குப் பதில் வேறொன்று இருந்தால் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டது என்று பொருள்.

திருத்திய மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். இருபக்கக் கையெழுத்தும் தெரிய, கூகுள்பாட் இரண்டு பக்கத்தையும் மறுபடி வந்து படிக்க வேண்டும். அதிகம் பேர் வராத பக்கத்துக்கு அது வர வாரக்கணக்காகலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் ‘ரூ.’ என்பதை எடுத்துவிட்டு ‘இந்திய ரூபாய்’, ‘இலங்கை ரூபாய்’ என்று முழுசாக எழுதுங்கள். பக்கத்துக்குள் விலையை இயந்திரத்துக்குச் சொல்லும் கட்டமைப்புத் தரவிலும் நாணயத்தின் இடத்தில் ஐஎன்ஆர், எல்கேஆர், எஸ்ஜிடி என்று அததற்கு உரியதை நிரப்புங்கள். தவறான பக்கத்துக்கே வந்து சேர்ந்தாலும், 450 எந்த நாட்டு ரூபாய் என்பதாவது யாழ்ப்பாணத்து வாசகருக்குத் தெரிந்துவிடும்.